பல்செட்காரரின் நாற்பத்தேழு தப்புகள்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு வியாழக்கிழமை டீச்சர் என்று பெயர். உண்மையில் அவர் டீச்சரே கிடையாது. வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். இருபத்துமூன்று வருடமாகச் சோதனைக் குழாய் கழுவி, அமில பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டி, விரல் நுனியெல்லாம் பழுப்பேறிப் போனவர். நிஜ டீச்சர்களில் இரண்டு மூன்று பேருக்கு இந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் முகம் சுருங்கும். "படிச்சுப் பரீட்சை எழுதி வந்த நாங்களும் டீச்சர், பீக்கர் கழுவற நீங்களும் டீச்சரா" என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். "பிள்ளைங்க கூப்பிடுது, நான் என்ன பண்ணட்டும்" என்று அலுத்துக்கொள்வதுபோல் பதில் சொன்னார் இவர். அலுப்பாவது ஒன்றாவது. உள்ளூர ஏகப்பட்ட சந்தோஷம்.

வியாழக்கிழமை மதியம் அவர் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவார். சுற்றிக் காட்டவோ, மேடையில் ஒருவரை ஏற்றிக் 'கனவு காணுங்கள்' என்று பேசவைக்கவோ அல்ல. ஒரு பிள்ளைக்கு ஒரு தொழிலாளி, ஒரு வருடம் முழுக்க, ஒவ்வொரு வியாழனும் மூன்று மணி நேரம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தை நடத்தும் அம்மா, லிஃப்ட் பழுது பார்ப்பவர், பல் செட் செய்பவர். அந்த ஒரு ஆளோடு ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

ஆளை அவரே போய்த் தேர்ந்தெடுப்பார். அரை நாள் லீவு போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வேலை நடப்பதைப் பார்ப்பார். கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பார். "போன வாரம் என்ன தப்பு பண்ணீங்க?" தலையைச் சொறிந்துகொண்டு ஒரு கதையை ஆரம்பிக்கிறவர் தேறினார். "நம்மகிட்ட தப்பே நடக்காதும்மா" என்கிறவரிடம் டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

பிள்ளைகளுக்கும் அதேதான். ஆளுக்கொரு நோட்டு. ஒவ்வொரு வியாழனும் ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் ஒரே கேள்வி: இன்று இங்கே என்ன தப்பாகப் போயிற்று, அதற்கு என்ன செய்தார்கள்? வேறு எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் இதை எழுதியாக வேண்டும். பஸ், பணம், நேரம், ஆள் எல்லாவற்றிலும் அவர் இறங்கிப் போவார். இந்த ஒரு கேள்வியை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அதற்குக் காரணம் அவருடைய தம்பி. தம்பி பதினெட்டு வயதில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நல்ல கைவாகு. முதல் வாரத்திலேயே காகிதக் கட்டை ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி வெட்டிவிட்டான். இரண்டாயிரம் அழைப்பிதழ் பாழ். மேஸ்திரி ஒரு கத்து கத்திவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வரும்போது அதை மறந்தே போயிருந்தார். தம்பி மறக்கவில்லை. அன்று மதியம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவன் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. உலகத்திலேயே தான் ஒருத்தன்தான் தப்புச் செய்கிறவன் என்று நினைத்துக்கொண்டான். அந்த மேஸ்திரி தன் காலத்தில் ஒரு பத்திரிகையின் முகப்பையே தலைகீழாக அச்சடித்தவர் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. அதற்குள் தம்பி ஒன்பது வேலை மாறி, கடைசியில் ஒரு வேன் வாங்கி ஓட்ட ஆரம்பித்துவிட்டான். அந்த வேனில்தான் முதல் ஏழு வருடம் திட்டம் ஓடியது. பதினோரு பிள்ளைகள், பெட்ரோல் செலவு அக்காவுடையது. "உன் சம்பளத்துல பாதி என் டேங்க்லதான் இருக்கு" என்பான்.

எட்டாவது வருடம் அறக்கட்டளை வந்தது. பெரிய அறக்கட்டளை. கீழ்த்தளத்தில் செயற்கை நீரூற்று வைத்த ஆறு மாடி அலுவலகம். இரண்டு பஸ், அறுபது பிள்ளைகள், எல்லோருக்கும் விபத்துக் காப்பீடு, மூன்று வருடத்துக்கு நிதி. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளதைச் சொல்லவேண்டுமே, அன்று வீட்டுக்குப் போய்த் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். பதிலுக்கு அவர்கள் கேட்டது கொஞ்சம்தான். தங்களுக்குத் தெரிந்த பதினான்கு பேரையும் வழிகாட்டிகளாகச் சேர்க்க வேண்டும். வருடக் கடைசியில் நோட்டுகளையெல்லாம் தங்களிடம் கொடுக்க வேண்டும். சான்றிதழைத் தாங்களே வழங்குவார்கள். அந்தப் பதினான்கு பேரை டீச்சர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. "அதெல்லாம் நாங்க பாத்துட்டோம் மேடம்" என்றார் திட்ட அலுவலர்.

திட்ட அலுவலர் இளைஞர். இஸ்திரி போட்ட சட்டை, கலையாத சிரிப்பு. திட்டினாலும் சிரிப்பார், புகழ்ந்தாலும் அதே அளவு சிரிப்பார். அவரைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொல்ல வேண்டும் என்றால், அறுபது நோட்டையும் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். படித்ததோடு நின்றிருந்தால் அவருக்குக் கோயிலே கட்டியிருக்கலாம். அவர் எண்ண ஆரம்பித்தார். எந்த வழிகாட்டியின் இடத்தில் எத்தனை தப்பு என்று ஒரு பட்டியல் போட்டார். குறைவான தப்பு மேலே, அதிகமான தப்பு கீழே.

பட்டியலின் உச்சியில், அந்தப் பதினான்கு பேரில் ஒருவரான ஒரு விளம்பர நிறுவன மேலாளர். தப்பு: பூஜ்யம். அவருக்குச் சிறந்த வழிகாட்டி விருது. அடியில் பல் செட் செய்பவர். தப்பு: நாற்பத்தேழு. அவர் நீக்கப்படுகிறார், அவரிடம் இருந்த மாணவிக்குச் சான்றிதழ் கிடையாது.

தலைமையாசிரியை அறையில் டீச்சர் அந்தத் தாளை வாசித்தார். இரண்டாவது தடவை வாசித்தார். எழுத்து மாறவில்லை.

பிள்ளைகள் பல்செட்காரர் என்று கூப்பிடும் அந்த மனிதர், ஒரு மாடிப்படியின் அடியில் இருக்கும் சின்ன அறையில் இருபத்தாறு வருடமாக மெழுகும் பிளாஸ்டரும் பீங்கான் பல்லுமாக வாழ்கிறவர். அவரிடம் இருந்த மாணவியை வகுப்பில் ஊசி என்பார்கள். உடம்பும் அப்படி, வாயும் அப்படி. பல் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பில் ஊசிக்கு இடம் வேண்டும். ஒரு தொழில்கூடத்தில் ஒரு வருடம் கூடவே இருந்ததற்குச் சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கென்று அங்கே ஆறு இடம் உண்டு. அந்த ஆறில் ஒன்றுதான் அவளுடைய குறி. அது கிடைக்காவிட்டால் அவள் அப்பா பார்த்து வைத்திருக்கும் ஜவுளிக்கடை பில்லிங் வேலைக்குப் போக வேண்டும்.

டீச்சர் ஊசியின் நோட்டின் நகலை எடுத்துக்கொண்டு ஆறு மாடிக் கட்டடத்துக்குப் போனார். நீரூற்றைத் தாண்டும்போதே வாய் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது.

"சார், நீங்க எண்ணினதுல தப்பில்ல. எண்ணிட்டு ஒரு முடிவுக்கு வந்தீங்க பாருங்க, அதுதான் தப்பு."

அலுவலர் சிரித்தார். "மேடம், ஒரு வருஷத்துல நாப்பத்தேழு. இதப் பாருங்க, ஒருத்தரோட மேல் பல்லை இன்னொருத்தரோட கீழ் பல்லோட சேத்து அனுப்பியிருக்காரு. டியூப்லைட் வெளிச்சத்துல நிறம் பாத்து மஞ்சப் பல்லு செஞ்சிருக்காரு. அந்த அம்மா சிரிக்கவே மாட்டேன்னு சொல்லிட்டாங்களாம். இப்படி ஒருத்தர்கிட்ட ஒரு பிள்ளைய விடலாமா?"

"அடுத்த வரியப் படிங்க. அன்னைக்கே அந்தப் பல்லை அவரு கையால உடைச்சாரு. பகல் வெளிச்சத்துல திரும்ப நிறம் பாத்து, புதுசா செஞ்சு, அவங்க வீட்டுக்கே கொண்டுபோய்க் கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. பிள்ளையையும் பக்கத்துல நிக்க வச்சாரு. அது உங்க பட்டியல்ல எந்தக் கட்டத்துல வருது?"

"அதுக்குக் கட்டம் இல்ல மேடம்."

"விளம்பர ஆபீஸ்ல ஒரு வருஷமா ஒரு தப்புகூட நடக்கலையாம். நீங்க நம்பறீங்களா?"

"நோட்டு அப்படித்தானே சொல்லுது."

"அந்தப் பையன் வரவேற்பறை சோபாவுல உக்காந்திருந்தான் சார். ஒரு வருஷமும் சோபா. சோபாவுல என்ன தப்பு நடக்கும்? மிஞ்சிப்போனா தூங்கி விழுவான்."

அலுவலர் அதற்கும் சிரித்தார். பிறகு ஏதோ பெரிய உபகாரம் செய்வதுபோல் குரலைத் தாழ்த்தினார். நோட்டைத் திருத்திக் கொடுக்கலாம். எதிர்மறையாக இருப்பதை நேர்மறையாக மாற்றி எழுதி, வழிகாட்டியும் டீச்சரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் சான்றிதழ் உண்டு.

"அதாவது பொய் எழுதச் சொல்றீங்க."

"அந்த வார்த்தைய நான் சொல்லல மேடம்."

சொல்ல மாட்டார்தான். அந்தச் சட்டையில் ஒரு கசங்கல்கூட விழாமல் அடுத்தவர் கையைக் கறையாக்கத் தெரிந்தவர்கள் எந்த வார்த்தையையும் சொல்ல மாட்டார்கள். ஒரு வருடம் ஒரு பெண் பிள்ளைக்குத் தன் மானத்தையே திறந்து காட்டிய மனிதர் அடியில் கிடக்கிறார். சோபா கொடுத்தவருக்குக் கண்ணாடிக் கேடயம். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா என்று பஸ்ஸில் நின்றுகொண்டே டீச்சர் உரக்கக் கேட்டார். பக்கத்தில் நின்றவர் பதறிக் காலை நகர்த்திக்கொண்டார்.

மறுநாள் காலை ஆய்வக வாசலில் ஊசி நின்றிருந்தாள். கையில் ஒரு புது நோட்டு. முத்து முத்தான எழுத்தில் முப்பத்தொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: இன்று எல்லா வேலையும் திட்டமிட்டபடி முடிந்தது. என் வழிகாட்டி ஒரு தவறும் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

"என்னம்மா இது? யாரு உன்னை எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லல டீச்சர். அந்த ஆபீஸ் சார் போன் பண்ணாராம், தலைமையாசிரியை விஷயத்தச் சொன்னாங்க. நானாத்தான் எழுதினேன். ஆறே ஆறு சீட்டு. அந்த ஒரு தாள் இல்லன்னா என் பேரைப் படிக்கக்கூட மாட்டாங்க."

"அவருக்குத் தெரியுமா?"

ஊசி தரையைப் பார்த்தாள். "தெரியும். ஒரு வருஷம் என்கூட இருந்து இதத்தான் கத்துக்கிட்டியான்னு கேட்டாரு. அப்புறம் அவரே பேனா எடுத்துக் கையெழுத்துப் போட்டாரு."

டீச்சருக்கு அந்த நோட்டை அமிலத் தொட்டியில் முக்கிவிட வேண்டும்போல் இருந்தது. முடியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவருடைய கேள்வி பிழைக்கும், இவள் ஜவுளிக்கடையில் பில் போடுவாள். தன் நேர்மைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையை விலையாக வைக்க அவருக்கு மனசு வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முப்பத்தொரு கையெழுத்தும் போட்டார். முடித்துவிட்டுக் குழாயடியில் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார்.

ஊசிக்கு இடம் கிடைத்தது. அவள் ஓடி வந்து சொன்னபோது டீச்சர் மனசார மகிழ்ந்தார். பல்செட்காரரைப் பார்க்கப் போகத்தான் கால் வரவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார். அடுத்த கல்வியாண்டு தொடங்கி மூன்றாம் வாரம், அறக்கட்டளையிலிருந்து அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. இனிமேல் பிள்ளைகள் வெறும் நோட்டில் எழுத வேண்டாமாம், அச்சடித்த நோட்டாம். பளபளப்பான அட்டை. பக்கத்தின் தலையில் இவருடைய கேள்வி இல்லை. அந்த இடத்தில் 'இன்று நான் கண்ட வெற்றி' என்று இருந்தது. முதல் தாளைத் திருப்பினால் 'மாதிரிப் பக்கம்'. அதில் முத்து முத்தான கையெழுத்து, அப்படியே படம் எடுத்து அச்சாகியிருந்தது. என் வழிகாட்டி ஒரு தவறும் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. கீழே ஓரமாக டீச்சருடைய கையெழுத்து.

அவர் பார்ப்பதற்குள் வகுப்பாசிரியர்கள் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை காலை, ஆய்வகச் சுவரில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலில் ஒரு பெயர் பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. லிஃப்ட் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டும் என்று நான்கு தடவை வந்து கெஞ்சி இடம் வாங்கிய பெண்ணின் பெயர். டீச்சர் அவளை வரவழைத்தார்.

"ஏம்மா அடிச்ச? வீட்டுல வேண்டாம்னாங்களா?"

"இல்ல டீச்சர். நானேதான்." நோட்டைத் திறந்து மாதிரிப் பக்கத்தைக் காட்டினாள். "இந்த அக்கா ஒரு வருஷத்துல ஒரு தப்புகூடப் பண்ணல. எனக்கு அப்படியெல்லாம் வராது. நான் எதையுமே ஒரு தடவ கெடுத்துட்டுத்தான் சரியா செய்வேன். எனக்கு இது ஒத்துவராது."

டீச்சர் பக்கத்தின் ஓரத்தில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். எந்தக் காரியத்தைத் தடுக்கப் இத்தனை வருடமாக அவர் ஒவ்வொரு ஸ்டூலாக ஏறி உட்கார்ந்தாரோ, அதே காரியத்தை அவருடைய கையெழுத்தே செய்து முடித்திருந்தது.

நேரே தலைமையாசிரியை அறைக்குப் போய், அவர் எதிரிலேயே அலுவலருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், அந்த மாதிரிப் பக்கம் பொய். அந்தப் பிள்ளைய அப்படி எழுத வச்சது நான். தப்பு முழுக்க என்னோடது, அவளுக்குச் சம்பந்தமில்ல. என்மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. அந்தப் பக்கத்த மட்டும் எடுத்துடுங்க."

ஊசியைக் காப்பாற்ற அவர் சொன்ன அந்தப் பொய்க்காக அவருக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. வேலை போகும், அவமானம் வரும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"அதனால என்ன மேடம்," என்றது போன். சிரிப்பு குரலிலேயே தெரிந்தது. "பன்னெண்டு ஸ்கூலுக்கு நாலாயிரம் நோட்டு போயாச்சு. இது நமக்குள்ள இருக்கட்டும்."

"பொய்யின்னு சொல்றேன் சார்."

"மாதிரிப் பக்கம்தானே மேடம். உண்மையா இருக்கணும்னு அவசியமில்ல. ஊக்கமா இருந்தா போதும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவரிடம், அது குற்றமே இல்லை, எங்களுக்கு அதுதான் வசதி என்று சொன்னால் மனுஷி என்ன செய்வார். "அப்ப அந்த நோட்டு இங்க வேண்டாம் சார். அந்த நோட்டு இல்லாம பஸ் வராதுன்னா பஸ்ஸும் வேண்டாம்."

தலைமையாசிரியை பதறிப்போய்ப் போனைக் கையால் மூடினார். "என்ன பேசறீங்க? அறுபது பிள்ளைங்க."

டீச்சர் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

அறக்கட்டளைக்கு மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் ஒரு வாரம்கூடத் தாமதம் இல்லை. அடுத்த வியாழக்கிழமை இரண்டு பஸ்ஸும் வரவில்லை. தம்பியின் வேன் மட்டும் வாசலில் நின்றது. சீட்டுக் குலுக்கிப் பதினோரு பேரை ஏற்றினார் டீச்சர். மீதிப் பேர் கேட்டை ஒட்டி நின்றார்கள். சிலர் புதுச் செருப்புப் போட்டு வந்திருந்தார்கள். ஒருத்தன் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று நகமெல்லாம் வெட்டிக்கொண்டு வந்திருந்தான். பெயரை அடித்துவிட்ட லிஃப்ட் பெண்ணும் வேடிக்கை பார்க்க வந்து ஓரமாக நின்றாள்.

தலைமையாசிரியை முன்கூட்டியே ஒரு வாசகம் சொல்லிக் கொடுத்திருந்தார். 'நிர்வாகக் காரணங்களால்' என்று சொன்னால் போதும். டீச்சர் அதைச் சொல்ல வாயெடுத்து, அந்தப் பையனின் நகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"உங்களுக்கு பஸ் வராததுக்குக் காரணம் நான்தான்" என்றார். "அந்த நோட்டுல முதல் பக்கம் இருக்கே, அது பொய். அத எழுதின அக்கா வேலை பழகின இடத்துல அந்த வருஷம் நாப்பத்தேழு தப்பு நடந்துச்சு. பொய்யின்னு தெரிஞ்சே நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிள்ளைக்கு நல்லது பண்றதா நெனச்சுப் பண்ணினேன். இப்ப அதுக்கு நீங்க வெளிய நிக்கறீங்க. நான் பண்ணின தப்பு இது."

வேனுக்குள் இருந்த பதினோரு பேரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். தம்பி எஞ்சினை அணைத்துவிட்டான். ஒரு பெரியவர் இப்படிப் பேசி அந்தப் பிள்ளைகள் கேட்டதேயில்லை. கோபப்படுவதா, பாவப்படுவதா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நகம் வெட்டிய பையன் மட்டும் கோபத்தை மறைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அது நியாயமான கோபம்.

லிஃப்ட் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் அந்தப் பளபளப்பு நோட்டு. மாதிரிப் பக்கத்தைப் பிடித்து இழுத்துக் கிழித்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவைத் திறந்துகொண்டு டீச்சரைப் பார்த்தாள்.

"சரி டீச்சர்," என்றாள். "அதுக்கு இப்ப என்ன செய்யப் போறீங்க?"